மேற்கோள் குறிக்குள் ஓர் இல்லை

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஜேசன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி, அக்காவுக்கு ஜேசன் என்று ஒரு மகன் இருப்பதாகவே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில், பையன் எப்படியிருக்கிறான், நன்றாகப் படிக்கிறானா என்று விசாரித்தும் விட்டார். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சில நாள் ஒழுங்கா வர்றான். சில நாள் ஒரு கமாவ எங்கயாவது விட்டுட்டு வந்து நிக்கிறான்" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார். காவலாளி, பாவம், பிள்ளைக்கு ஏதோ குறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அக்காவுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஜேசன் என்பது எங்கள் தொழிலில் ஓர் எழுத்துமுறை. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு இணையத்தின் வழியே எது போனாலும் எழுத்தாகத்தான் போகும். ஓர் ஆளின் பெயர், வயது, முகவரி எல்லாம் ஒரே நீளமான வரியாக, அடைப்புக்குறிகளுக்குள், கமாவும் முக்காற்புள்ளியும் விரவி வந்து விழும். விழுந்த நிலையில் அது வெறும் எழுத்து. அதனிடம் போய் உன் வயது என்ன என்று கேட்டால் பதில் வராது. அந்த வரியைப் பிரித்து, இது பெயர், இது வயது என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து, கேட்டால் பதில் சொல்கிற பொருளாக மாற்ற வேண்டும். அக்காவின் வேலை அதுதான். 'எழுத்தைப் பொருளாக்குறது' என்று அவரே சொல்வார். பண்டத்துக்கும் பொருள் என்று பெயர், அர்த்தத்துக்கும் பொருள் என்று பெயர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன் நம் தொழில் தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நான் அதே அறையில் சோதனைப் பிரிவு. மற்றவர்கள் எழுதிய கணினி நிரலை உடைத்துப் பார்த்து, இங்கே ஓட்டை, அங்கே விரிசல் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அலுவலகம் எனக்கு வைத்த பெயர் குடைச்சல். பிழை என்று நான் போய் நின்றாலே சிலருக்கு முகம் சுண்டிப்போகும். சிலர் மூன்று தலைமுறைப் பகை போல இரண்டு நாள் பேச மாட்டார்கள். அக்கா மட்டும்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொல்லி, இன்னும் குடை என்பார். அவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு என்பதால் வருகிற தைரியம் அது என்று நான் வைத்துக்கொண்டேன்.

வெளியிலிருந்து வருகிற எதையும் அவர் நம்ப மாட்டார். வயது என்ற இடத்தில் எண்தான் வரும் என்று யாராவது சொன்னால், யார் உனக்கு எழுதிக் கொடுத்தது என்பார். புதிதாகச் சேர்ந்த ஒருவன், வரி உடைந்து வந்தால் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு மேலே போகும்படி எழுதிவிட்டான். நிரல் நிற்காது, திரையில் சிவப்பு வராது, யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் அவர் குரல் உயர்ந்து கேட்டேன். புரியவில்லையென்றால் புரியவில்லை என்று சொல்ல வேண்டும், புரிந்த மாதிரி தலையாட்டக் கூடாது என்று அவனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அவன் அந்த வாரம் முழுக்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ குடித்தான். என்னைவிடக் கொடுமையான ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்கும் கொஞ்சம் ஆறுதல்தான்.

அவர் கணவர் லிப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிப்டும் அவர் கைப்பக்குவத்தில்தான் ஓடியது. அக்கா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவர் பேசுவார். சாயங்காலம் அக்காவைக் கூட்டிப்போக வந்தால் வரவேற்பு மேசையில் சாய்ந்து நின்றுகொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுப்பார். "உங்க அக்கா என்னையும் அடைப்புக்குறிக்குள்ளதாங்க வச்சிருக்கா, வெளிய விட மாட்டேங்கறா" என்பது அவர் வழக்கமான புலம்பல். ஆள் பார்க்கத் திடமாக இருந்தாலும் இதயம் பலவீனம். ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை பரிசோதனை. போன வருஷம் ஒரு மத்தியானம், வேலைக்குப் போன இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை அதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அக்கா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் கணவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, வேறொரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்தார். இப்போது சொன்னால் தாங்க மாட்டார் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். மகனை அடக்கம் செய்து, வந்தவர்கள் எல்லாம் கலைந்து போனபிறகுதான் அந்த அம்மாவுக்குத் தெரியும். வீட்டுக்குக் கூட்டி வந்தபின் சொன்னது அக்காதான். கேட்டுவிட்டு அந்த அம்மா அழவில்லை. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாராம். மகன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவர். சொன்னது அவருக்குள் இறங்கியதா இல்லையா என்று அக்காவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அக்கா வேலைக்கு வந்துவிட்டால் அந்த அம்மா வீட்டில் தையல் இயந்திரத்தோடு தனியாக இருப்பார். தையல்தான் அவர் தொழில்; மகன் போட்ட சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை.

கொஞ்ச நாளில் அந்த அம்மாவின் கைபேசிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. முதன்முதலில் மகனைச் சேர்த்தபோது அவர் தன் எண்ணைத்தான் கொடுத்திருந்தார். மகன் பெயரைப் போட்டு, வருகிற செவ்வாய்க்கிழமை இதயப் பிரிவில் பரிசோதனை, பழைய கோப்புகளுடன் வரவும் என்று இருந்தது. அந்த அம்மா அதை மெதுவாகப் படித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அவனுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமாம் என்று அக்காவிடம் சொன்னார். சாதாரணமாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அந்த அம்மா ஊன்றுகோலையும் மகனுடைய கோப்பையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, இன்றைக்கு ஒரே கூட்டம், நம் எண் வரவில்லை என்றார். அக்கா சரி என்று தலையாட்டினார். அடுத்த மாதமும் செய்தி வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது.

இதை அக்கா ஒருநாள் டீ இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி என்னிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஒரு போன் போட்டு அந்த ஆஸ்பத்திரிக்காரர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா என்றேன். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மாதத்தில் அந்த ஒருநாள்தான் அத்தை நன்றாகச் சாப்பிடுகிறார் என்றார்.

அந்த ஆஸ்பத்திரி எங்களிடமே வரும் என்று யார் கண்டார்கள். இறந்துபோனவர்கள் வீட்டுக்குப் பரிசோதனைக்கு வரச்சொல்லிச் செய்தி போகிறது, ஜனங்கள் வந்து சண்டை போடுகிறார்கள், மென்பொருள் செய்துகொடுத்த பழைய நிறுவனம் கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறது, நீங்கள் பார்த்துச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள். எங்கள் மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய இடத்து வேலை. எழுத்தைப் பிரிக்கிற வேலை என்றால் ஜேசன் அக்காவைத் தவிர வேறு யாரிடம் கொடுப்பார். மேலாளருக்கு அந்த வீட்டுக்கதை தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

பிழையைக் கண்டுபிடிக்க அக்காவுக்கு ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் நோயாளியைப் பற்றிய வரி வருகிறது. அதில் உயிருடன் இருக்கிறாரா என்று ஓர் இடம். ஆம் என்றால் ட்ரூ, இல்லை என்றால் ஃபால்ஸ். மற்ற பிரிவுகள் எல்லாம் அந்த ஃபால்ஸை அப்படியே அனுப்புகின்றன. அவசரப் பிரிவில் இருக்கிற பழைய கணினி மட்டும் அதை மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்புகிறது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மேற்கோள் குறி இல்லாமல் வந்தால் அது 'இல்லை' என்கிற விடை. குறிக்குள் வந்தால் அது ஒரு சொல், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் காலியாக இல்லாத எந்தச் சொல்லையும் நிரல் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும். அந்தச் சொல் 'இல்லை' என்று இருந்தாலும் அதேதான். அதனால் அவசரப் பிரிவில் இறந்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக் கணக்கில் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் மாதம் தவறாமல் பரிசோதனை இருந்தது.

திருத்துவதற்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். மேலாளர் கேட்டார், இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார் அக்கா. மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னார். கையில் எடுத்த வேலையை அவர் அப்படிப் போட்டுவைத்து நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு வரி போய்ச் சேர்ந்தால் அவர் கணவர் அந்தக் கணினியில் இறந்துவிடுவார், அத்தைக்குச் செய்தி வராது. அத்தை, ஏன் வரவில்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அக்கா நாளைக் கடத்தினார். எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் பக்கத்து நாற்காலியில் ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருப்பது பெரிய பாடாக இருந்தது.

ஒருவழியாக நிரல் சோதனைக்கு என்னிடம் வந்தது. திருத்த வேண்டிய வரி சரியாக இருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. இந்த ஒரு நோயாளி எண்ணுக்கு மட்டும் இந்தத் திருத்தம் வேண்டாம், ஆம் என்றே வைத்துக்கொள் என்று சொல்கிற வரி. யாருடைய எண் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. தேட வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை தேடுகிறவள் என்று பேர் வாங்கிய நான், இருந்திருந்து இப்படி ஒன்றா என் கண்ணில் பட வேண்டும் என்று நொந்துகொண்டேன். பேசாமல் விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு செய்தி, யாருக்கு என்ன நஷ்டம். ஆனால் ஊன்றுகோலோடு அந்த அம்மா இன்னும் எத்தனை செவ்வாய்க்கிழமை போய் உட்கார்ந்துவிட்டு வருவார் என்று நினைத்தபோது விட முடியாது என்று முடிவு செய்தேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் அந்த வரியைக் காட்டினேன்.

"அக்கா, இத என்னால விட முடியாது."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட அனுப்பினேன்" என்றார். திரையைப் பார்த்தபடி, "நானே அழிக்கலாம்னு பாத்தேன். கை வரல" என்றார்.

அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. என் கையிலிருந்து எலிப்பொறியைப் பிடுங்குகிற மாதிரி மௌஸை வாங்கி, அந்த வரியை அவரே அழித்தார். ஆனால் செவ்வாய்க்கிழமை வரை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்த மாதச் செய்தி ஏற்கெனவே போய்விட்டது, அத்தை எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போவார், அங்கேயே வைத்துச் சொல்லிவிடுகிறேன் என்றார். வீட்டில் சொல்ல முடியாதா என்று கேட்டேன். வீட்டில் வைத்து ஒருமுறை சொல்லித்தான் பார்த்தாயிற்றே என்றார்.

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். நிரலை ஆஸ்பத்திரியிலிருந்தே ஏற்றி, செய்திகள் நிற்கின்றனவா என்று அங்கேயே பார்க்க வேண்டும் என்று மேலாளரிடம் சொல்லியிருந்தோம். அது பொய்யும் இல்லை. இதயப் பிரிவுக்கு வெளியே நீளமான நடைபாதை. சுவரோடு பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், தரை துடைத்த மருந்து வாசனை, எண்கள் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு சின்னத் திரை. கடைசி நாற்காலியில் அந்த அம்மா கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தைத்துத் தைத்துக் கூனிய முதுகு. எண்கள் மாறுவதை அவர் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போதே வித்தியாசமாகப் பட்டது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். முதலில் அனுப்பிவிடு என்றார் அக்கா. அனுப்பிவிட்டால் தான் பின்வாங்க முடியாதாம். மடிக்கணினியை ஜன்னல் விளிம்பில் வைத்து அனுப்பினேன். போய்விட்டது என்று சொன்னதும் அவர் நேராக நடந்துபோய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அடுத்த வரிசையில் உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்பது என்று சொன்னாலும் சரி, எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை.

மருமகளை அங்கே பார்த்ததில் அந்த அம்மா திடுக்கிட்டுவிட்டார். லீவு போட்டாயா, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அக்கா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"அத்தை, இந்த மெசேஜ் இனிமே வராது."

"ஏம்மா?"

"அது தப்பா வந்துட்டிருந்துச்சு. இங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல ஒரு பிழை. அவர் இல்லேன்னு எழுதியிருந்தது அதுக்குப் புரியல. இருக்கார்னே நெனச்சுட்டிருந்துச்சு. இப்போ நாங்கதான் சரி பண்ணோம்."

அந்த அம்மா அக்காவின் முகத்தையே பார்த்தார். ஏதோ கணக்கு அவருக்கு இடிப்பது தெரிந்தது.

"அப்போ இத நீ அனுப்பலையா?" என்றார்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஏன் அனுப்பப் போகிறேன் என்று கேட்டார்.

"நீ கம்ப்யூட்டர்லதானம்மா வேலை பாக்குற. அவன் இல்லேன்னு எடுத்துக்க உனக்கு மனசு கேக்கல, அவன் இருக்கிற மாதிரி மாசாமாசம் இப்படி ஒண்ணு அனுப்பி வச்சுக்கறேன்னு நெனச்சேன். பெத்தவளுக்குத் தெரியாதா அவன் போயிட்டான்னு. நான் போக மாட்டேன்னு சொன்னா நீ ஒடஞ்சு போயிருவ. அதான் கெளம்பி வந்து, இங்க செத்த நேரம் உக்காந்துட்டு வர்றேன்."

அந்த அம்மா அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நான் உங்களுக்காகத்தான் அத்தை சும்மா இருந்தேன்" என்று அந்தத் தோளுக்குள் அக்கா சொன்னது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது.

அப்புறம் இருவரும் அழுதார்கள். அக்காவின் கணவர் இறந்த அன்றைக்கு ஒருவர் மயக்க மருந்தில் கிடந்தார், இன்னொருவர் ஓர் ஆஸ்பத்திரிக்கும் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தார். அதற்குப்பின் ஒரே வீட்டில், ஒருவர் மற்றவருக்காக அழுகையை அடக்கிக்கொண்டே இத்தனை மாதமும் இருந்துவிட்டார்கள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மடிக்கணினியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

சத்தம் கேட்டு ஒரு செவிலி வந்தார். சின்னப் பெண். யாருக்குப் பார்க்க வேண்டும், நோயாளி எங்கே என்று அக்கறையாகத்தான் கேட்டார். அக்காவால் நிமிர முடியவில்லை. அந்த அம்மாதான் பதில் சொன்னார்.

"யாருக்கும் பாக்க வேண்டாம்மா. என் மகன் செத்துட்டான். நாங்க கொஞ்சம் அழுதுட்டுப் போயிடறோம்."

செவிலி சரியம்மா என்றார். போகும்போது எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த துணித்திரையை இழுத்து, நடைபாதையில் போகிறவர்களிடமிருந்து எங்களை மறைத்துவிட்டுப் போனார்.